தன் வலைக்கு மேலே நின்றவர்

"சார் இல்லியா?" என்று ஒருவர் வாசலில் நின்றபடி கேட்டார்.

"சாயங்காலம்தான் வருவார்" என்றேன்.

"அப்போ நீ இன்னா பண்ற?"

"ஆபீஸ்ல எழுதற வேலை."

"யார் ஊட்டுப் பொண்ணு?"

"பழவேற்காட்டுல கௌஸ் மைதீன் கடை இருக்குல்ல, அவர் பொண்ணு. ரிஃபா."

"அட, கௌஸ் பாய் பொண்ணா! சின்னப் புள்ளையில உன்னை ஒரு தரம் தோணியில ஏத்திக்கினு போனேன். நடு ஏரியில வாந்தி எடுத்து என் வலையெல்லாம் கலீஜ் பண்ணிட்ட."

"எனக்கு ஞாபகம் இல்லை அண்ணே."

"உனக்கு எப்படி இருக்கும்? அலசினவன் நானு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வெளியே கை காட்டினார். "அந்த நீல கலர் பம்பு எத்தினி பாரு?"

பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்தேன். "அழுத்தம் ஆயிரம் பார்னு போட்டிருக்கு."

"தண்ணித் துப்பாக்கி யார் புடிக்கறாங்க?"

"ஒடிசாக்காரர் ஒருத்தர் இருக்கார். இன்னொரு ஆள் வேணும்னு சார் தேடிட்டு இருக்கார்."

"தேட வேணாம்னு சொல்லு. பேரு பொன்னுரங்கம். ஊரு இதோ, கோட்டைக்குப்பம். சார்ஜாவுல பதினோரு வருஷம் இந்தத் துப்பாக்கியத்தான் புடிச்சினு இருந்தேன்."

"அங்கே நல்ல வேலைதானே. ஏன் அண்ணே விட்டுட்டு வந்தீங்க?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

"என் பேரை எடுத்துட்டாங்கம்மா."

"எங்கேயிருந்து?"

"பாட்டுல இருந்து, ஏரியில வலை கட்டற முறையில இருந்து. திரும்ப சேத்துக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

இப்படித்தான் பொன்னுரங்கம் அண்ணன் எங்கள் பாலத்து வேலையில் சேர்ந்தார். நான் அப்போது படிப்பை முடித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பள்ளியில் தமிழிலும் கல்லூரியில் ஆங்கிலத்திலும் படித்திருந்ததால், பொறியாளர் லோகேஷுக்கு ஆங்கிலத்தில் அன்றன்றைய அறிக்கை எழுதுவதும், அவர் சொல்வதைச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. சரக்குப் பெட்டி ஒன்றில் கதவும் ஜன்னலும் வெட்டி வைத்ததுதான் அலுவலகம். வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது. பாலத்தின் நிழலில் நாற்காலி போட்டுக்கொள்வேன். ஏரிக்காற்றும் டீசல் புகையும் ஈரச் சிமெண்ட்டும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். இன்றைக்கும் அம்பத்தூரில் நான் இறங்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வண்டி கழுவும் கடையில் தண்ணீரைப் பீய்ச்சும் சத்தம் கேட்டால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.

கோட்டைக்குப்பத்திலிருந்து வெளியே போக அப்போது இருந்தது அந்த ஒரு பாலம்தான். ஏரியின் ஒரு கிளை வாய்க்காலைத் தாண்டும் சின்னப் பாலம். கட்டியவர் யாரோ, ஏரி மணலையே கலந்து கட்டியிருந்தார். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, தூண்கள் வெடித்துப் பெரிய பெரிய பத்தைகளாகக் கான்கிரீட் விழத் தொடங்கியிருந்தது. அதை இடிக்காமல் சரிசெய்யலாம் என்று லோகேஷின் கம்பெனி வந்தது. கெட்டுப்போன கான்கிரீட்டைத் தண்ணீரால் அறுத்து எடுப்பது, பிறகு புதுசாகப் போட்டு மூடுவது. இதுதான் வேலை.

தண்ணீரால் கான்கிரீட்டை அறுப்பதா என்று முதல் வாரம் ஊரே பார்க்க வந்தது. நானும் அவர்களைப் போலத்தான் நின்றேன். நீலப் பெட்டி ஒன்றுக்குள் பம்பு உறுமும். அதிலிருந்து கை மணிக்கட்டு பருமனுக்கு ஒரு குழாய் போய், ஆள் உயரத் துப்பாக்கியில் முடியும். மஞ்சள் உடுப்பு, முழங்கால்வரை கவசம், முகத்துக்குக் கண்ணாடி மூடி, காதுக்கு அடைப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, துப்பாக்கியின் பின்பக்கத்தைத் தோளில் அண்டக் கொடுத்துச் சாரத்தில் நிற்பார்கள். விசையை அழுத்தினால் ஊசி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அது தூணில் பட்டதும் கெட்டுப்போன கான்கிரீட் பொலபொலவென்று உதிரும். நல்ல கான்கிரீட் அப்படியே நிற்கும். சுத்தியலால் தட்டினால் நல்லதும் சேர்ந்து அதிரும். தண்ணீர் நல்லதைத் தொடாது. உள்ளேயிருந்து கம்பி புதுசு போலப் பளபளவென்று வெளியே வரும். உதிர்ந்து விழுவதில் மட்டிச் சிப்பிகள் இருக்கும். பம்பு பார்த்துக்கொண்ட வினோத், தோணிரேவு ஊர்ப் பையன், முதல் நாள் அதில் ஒன்றைக் கையில் எடுத்து, "பாலத்துக்குள்ளயே மட்டி புடிக்கலாம் போல கீதே" என்றான்.

ஏரித் தண்ணீரைத் துப்பாக்கிக்கு விட முடியாது. உப்பை எடுக்கத்தானே இவ்வளவும். அதனால் உள்நாட்டு வயல் கிணறுகளிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும். ஒரு தூணை அறுக்கத் தொடங்கினால் அன்றைக்கே அறுத்து முடித்து, கம்பியைக் கழுவி, புதுக் கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும். ஓர் இரவு திறந்து கிடந்தால் உப்புக்காற்றில் கம்பி மறுபடி சிவந்துவிடும். அறுக்கும்போது பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழியும். அது ஏரியில் கலக்காமலிருக்கத் தூணைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, தண்ணீரைப் பிடித்துத் தொட்டிக்கு இறைப்பார்கள். முழுசாகப் பிடிக்க முடியாது. எந்தத் தார்ப்பாயும் எங்காவது ஒழுகத்தான் செய்யும்.

பாடு என்பது என்ன என்று ஏரி ஓரத்தில் பிறந்த எனக்குப் பொதுவாகத் தெரியும். டவுனில் வளர்ந்ததால் உள்விவரம் தெரியாது. அண்ணன்தான் டீ குடிக்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏரியில் இறால் கூடுகிற இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடி முறை வைக்கும். அந்த முறைதான் பாடு. கல்யாணம் ஆன ஆண்களின் பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். முறை உள்ளவர் தன் நாளில், நீர் கடல் பக்கம் வாங்கத் தொடங்குவதற்கு முன்னால், தன் கையால் கழி நட்டு வலை கட்ட வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அவர் வராவிட்டால் அந்த இடம் அன்றைக்குச் சும்மா கிடக்கும். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. முறை யாருடையதோ அவரிடம் அதைப் பற்றி ஊர் ஆண்கள் முன்கூட்டிப் பேசக் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. ஞாபகப்படுத்தினால் இறால் அவர் வலையை விட்டு விலகிவிடும். கழி நட்ட பிறகுதான், "இன்னிக்கு உன்னுதா?" என்று கேட்பார்கள், தெரியாதவர்கள் போல.

பொன்னுரங்கம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆன கையோடு பாட்டில் பெயர் ஏறியது. ஒரு புயலில் தோணி உடைந்து போனதும் சார்ஜா போனார். கார் நிறுத்துகிற அடுக்குமாடிக் கட்டடங்களில் உப்பு ஏறிய தளங்களைத் தண்ணீரால் அறுக்கும் வேலை. முதல் மூன்று வருஷம் ஊர் பொறுத்துக்கொண்டது. பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. அவர் மனைவி குணசுந்தரி அக்கா போனில் சொல்லவில்லை. லீவில் வந்தபோதுதான், அம்மன் திருவிழாவில் தெரிந்தது. சாமிக்கு உடைத்த தேங்காய் மூடியை, பாட்டு வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

"எனக்கு முன்னாடி பேரைக் கூப்புட்டாங்க. நான் கையை நீட்டிக்கினு நின்னேன். எனக்கு அடுத்த பேரைக் கூப்புட்டாங்க. கை அப்படியே நிக்கிது, இறக்கத் தெரியல" என்றார். "பக்கத்துல எங்க நைனா. அவரு வேற பக்கம் பாத்துக்கினு இருந்தாரு."

"திரும்ப சேர்த்துக்கச் சொல்லிக் கேட்கலையா அண்ணே?"

"ஊர்ல இல்லாதவனுக்கு எப்படிமா சேப்பாங்க? நியாயந்தானே. அப்பாலயும் போனேன், சம்பாதிச்சேன், மூணு ரூம்பு மச்சு வூடு கட்டினேன். உள்ள உக்காந்தா விருந்துக்கு வந்தவன் மாதிரி கீது."

ஒரேயடியாகத் திரும்பி வந்த வருஷம் ஊர்த் தலைவர் அர்ஜுனன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். ஊர் கூடியது. முடிவாகச் சொன்னது இது: இந்தச் சுற்றில், அமாவாசைக்கு மூன்றாம் பக்கம், அதாவது மூன்றாம் நாள், ஒரு பாடு கொடுக்கிறோம். பாலத்துக்கு அடியில், மூன்றாம் தூணை ஒட்டிய இடம். ஒழுங்காகக் கட்டினால் பெயர் நிற்கும். தவறவிட்டால் இனி கேட்கக் கூடாது.

அந்த இடம் கிடைத்ததைச் சொல்லும்போது அண்ணன் தூணைக் காட்டி, "பாரு, நான் சோறு தின்னுற இடத்துலயே குடுத்துட்டாங்க" என்று சந்தோஷப்பட்டார். அந்த நாட்களில் அவர் சாரத்தில் நின்று வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. மற்றவர்கள் துப்பாக்கியின் உதைப்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தி, தோணியில் நின்று கழி ஊன்றுகிற மாதிரி நிற்பார். இறங்கி வந்து மூடியைக் கழற்றினால் மீசையெல்லாம் வெள்ளையாக இருக்கும். வினோத், "வா தாத்தா, டீ சாப்புடு" என்பான். "உங்க அம்மா கட்டிக்கக் கேட்டப்பவும் இதே கலர்தான்டா, வேணாம்னுட்டேன்" என்பார் இவர். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். நான் பேசுவது அவருக்குப் பாதி கேட்காது. "இன்னாம்மா, வாய்க்குள்ளயே வெச்சிக்கற?" என்று சிரிப்பார்.

மூன்றாம் தூணை அறுக்கும் நாள் வந்தது. அன்றைக்கு ஒடிசாக்காரர் ஊருக்குப் போயிருந்தார். லோகேஷ், "ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டார். தண்ணீர் லாரிகளுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. அண்ணன், "இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடறேன் சார். நாளைக்கு மட்டும் எனக்கு லீவு வேணும்" என்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும் என்பது போலக் கண்ணைக் காட்டினார். காலையிலேயே அறுக்கத் தொடங்கிவிட்டார்.

உச்சி சாய்ந்த பிறகு கரையில் கோட்டைக்குப்பத்து ஆண்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு மூன்று பேர். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர். அர்ஜுனனும் வந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் தூணையே பார்த்தார்கள். வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். விசையை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை. அவர் மறுபடி தூணைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போதுதான் குணசுந்தரி அக்கா ஓடி வந்தது. மீன் கூடையை எங்கேயோ போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தண்ணீர் ஓரம்வரை இறங்கி நின்று கத்தியது.

"யோவ்! யோவ்! இறங்குய்யா கீழ!"

பம்பு சத்தத்தில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. காதை அடைத்துக்கொண்டு நின்றவருக்கு எங்கே கேட்கும்? மனைவியைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம். துப்பாக்கியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சாப்பாடு அங்கேயே வை என்று சைகை செய்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டது. அதையும் ஏதோ கேலி என்று எடுத்துக்கொண்டு தானும் தலையில் தட்டிக் காட்டினார்.

அக்கா என்னிடம் ஓடி வந்தது. "பாப்பா, அந்த மிஷினை நிறுத்தச் சொல்லும்மா. இன்னிக்குதான் அந்த ஆளு பாடு. ஆம்பளைங்க வாயைத் தெறக்க மாட்டானுங்க. நான் பொம்பள, எனக்கு இன்னா வந்துச்சு?"

நான் வினோத்திடம் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். பம்பு நின்றது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில், தார்ப்பாயிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடப் பெரிதாகக் கேட்டது.

"இன்னாடா, தண்ணி தீந்துபோச்சா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"உன் பாடு இன்னிக்குய்யா!" என்றது அக்கா.

"நாளைக்குடி."

"இன்னிக்கு! அமாவாசைக்கு மூணாம் பக்கம்னுதானே சொன்னாங்க? எண்ணிப் பாரு!"

காதடைப்பை எடுத்துவிட்டு, கையுறை போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மடக்கியதை விரித்துவிட்டு மறுபடி மடக்கினார். கரையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஏன் கை ஆட்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். முகத்தில் வெள்ளை அப்பியிருந்ததால் வேறெதுவும் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று பிறகு அவரே சொன்னார். கோட்டைக்குப்பத்தில் அமாவாசையையே முதல் நாளாக வைத்துத்தான் பக்கம் எண்ணுவார்கள். சார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள். மாதாமாதம் மொட்டை மாடிக்குப் போய்ப் பிறை பார்த்து, பிறை கண்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். இவரும் போய்ப் பார்ப்பார். பதினோரு வருஷத்தில் கை அப்படியே எண்ணப் பழகிவிட்டது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து நாங்கள் பார்க்கிற அதே பிறையை, கோட்டைக்குப்பத்துக் கரையில் நின்று பார்த்து, அன்றைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டுவிட்டார். ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது.

லோகேஷ் அதற்குள் பாலத்துக்கு வந்துவிட்டார். நடந்ததை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கம்பி முழுக்கத் திறந்து கிடந்தது. தூணின் ஒரு பக்கம் இன்னும் அறுக்க வேண்டியிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவரைப் போகச் சொல்லுங்க. தூண் போனால் போகட்டும், மறுபடி கழுவிக்கலாம்" என்றார். நல்ல மனிதர். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அண்ணன் தூணைப் பார்த்தார். அந்தப் பாலத்தில்தான் அவர் ஊர் நடக்கிறது. பிறகு வாய்க்காலைப் பார்த்தார். நீர் இன்னும் அசையாமல் நின்றது.

"தூணும் வேணும்" என்றார். "டேய் வினோத், சாதா பைப்புல கம்பியை நனைச்சிக்கினே இரு, காய விடாத. குணா, வலையை எடுத்துக்கினு ஜல்தி வா."

சாரத்திலிருந்து உபரியாகக் கிடந்த மூங்கில்களை அவரே அவிழ்த்தார். மஞ்சள் உடுப்போடு, முழங்கால் கவசத்தோடு, தலைக்கவசத்தோடு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அந்தக் கோலத்தில் ஏரியில் கழி நட்ட ஆள் அவராகத்தான் இருப்பார். தண்ணீர் தூணைச் சுற்றி மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முதல் கழி நின்றதும் கரையில் நின்ற ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "இன்னிக்கு உன்னுதா?"

"ஆமா, என்னுதுதான்" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வாய் வந்தது. "கழி சாயுது பாரு." "துபாய்க்காரரே, ஷூவைக் கழட்டிட்டு இறங்குங்க." "உன் பாட்டுல நீயே சுண்ணாம்பு கரைச்சு ஊத்திட்டியே, இறாலுக்கு வெள்ளையடிக்கப் போறியா?" எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே கட்டினார். அக்கா ஆட்டோவில் வலையைக் கொண்டுவந்து கரையில் போட்டது. தண்ணீரில் இறங்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவரே கட்டினார். கடைசி முடிச்சு போட்டபோது வாய்க்காலில் மிதந்த ஒரு சருகு மெல்லக் கடல் பக்கம் நகரத் தொடங்கியது.

பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்டச் சாரத்தில் ஏறினார். காதடைப்பை மாட்டிக்கொண்டார். வினோத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பம்பு உறுமியது. மிச்சமிருந்த பக்கத்தை அறுக்கத் தொடங்கினார். வெள்ளைத் தண்ணீர் தார்ப்பாய் விளிம்பில் வழிந்து நேராகக் கீழே, அவர் வலைமேல் இறங்கியது. தன் வலைக்கு மேலே நின்று, தன் இறாலைத் தானே விரட்டிக்கொண்டிருந்தார். கரையில் அர்ஜுனன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அது ஒவ்வொருவராகப் பரவியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பைத்தியம், பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் மஞ்சளாகும் நேரத்துக்குத் தூண் முடிந்தது. கம்பியைக் கழுவி, பலகை அடைத்து, கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். அண்ணன் இறங்கிப் போய் வலையைத் தூக்கினார். நான்கைந்து நண்டு. ஒரு கைப்பிடி இறால், மாவில் புரட்டியது போல. மீதியெல்லாம் பாலத்திலிருந்து உதிர்ந்த கல்லும் சிப்பியும்.

"மசாலா தடவியே வருது, எண்ணெயில போட வேண்டியதுதான்" என்று கரையிலிருந்து ஒருவர் சொன்னார்.

மறுநாள் காலை ஊர் கூடியது. பெண்கள் அங்கே போவதில்லை. அண்ணன் நேரே நாங்கள் டீ குடிக்கும் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். வாதம் பெரிதாகப் போனதாம். கழி நேரத்துக்கு நட்டான், சொந்தக் கையால் கட்டினான், சரி. ஆனால் கட்டிவிட்டு வலையை விட்டு விலகிப் போனானே, அது பாடா? வலை கட்டினவன் கூடவே நிற்க வேண்டாமா? ஒரு கட்சி அப்படி. நின்றானே, வலைக்கு நேர் மேலேதானே நின்றான், கீழே நிற்கணும்னு எந்தக் காலத்தில் சொல்லியிருக்கு? இன்னொரு கட்சி இப்படி. பெண்பிள்ளை வந்து ஞாபகப்படுத்தினாளே என்று ஒருவர் கிளப்பினார். வழக்கம் ஆண்களுக்குத்தான், பெண்கள் சொல்லக் கூடாதென்று எங்கும் இல்லை என்று அதை அடக்கிவிட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?" என்றேன்.

"நான் இன்னா சொல்றது? தலைவரு என்னைக் கேட்டாரு, 'ஏன்டா, கட்டினியே, அத்தோட நிக்க வேண்டியதுதானே, மேல ஏறிச் சுண்ணாம்புத் தண்ணியை வேற ஏன்டா ஊத்தின?'ன்னு. 'பாடு என்னுது, தூணு எல்லாரோடதும்'ன்னேன். வேற தோணல."

"அப்புறம்?"

டீயை ஒரு வாய் குடித்தார். வேண்டுமென்றே தாமதித்தார்.

"பேரை எழுதிக்கினாங்கம்மா. வரிசையில கடைசி. கடைசின்னா கடைசி, எனக்குப் பின்னாடி ஆளே இல்ல. தேங்கா மூடி வர்றதுக்குள்ள கூட்டமெல்லாம் கலைஞ்சுடும். பரவால்ல. நின்னு வாங்கிக்கினு போறேன்."

அன்று வேலை நேரம் முழுக்க அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. கேட்டு வாங்கிய லீவு அது. பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து வலையிலிருந்து கல்லையும் சிப்பியையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று ஒரு வார்த்தை கேலி பேசிவிட்டுப் போனார்கள். அத்தனை கேலியையும் அவர் வாங்கி வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தபோது, பதினோரு வருஷமாக அவரிடம் யாரும் இப்படிப் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கோடை முடிவதற்குள் பாலத்து வேலை முடிந்தது. நீலப் பம்பை லாரியில் ஏற்றினார்கள். லோகேஷ் கம்பெனிக்கு ஆந்திரா பக்கம் ஒரு பெரிய பாலம் கிடைத்திருந்தது. அண்ணனையும் கூப்பிட்டார்கள். பாடு வருகிற நாட்களில் ஊருக்கு வந்து போக விட்டால் வருகிறேன் என்றார். ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அம்பத்தூர் வேலை வந்தது. சரக்குப் பெட்டி அலுவலகத்தில் என் நாற்காலி நின்ற இடத்தில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. அதை ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். அத்தாவிடம் பீடியும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, தோணியில் நான் வாந்தி எடுத்த கதையை அவரிடமும் ஒரு தரம் சொல்லிச் சிரித்துவிட்டு, நான் நின்ற பக்கம் வந்தார்.

"பாப்பா, ஒரு உதவி செய்வியா?"

"சொல்லுங்க அண்ணே."

"அமாவாசைக்கு அமாவாசை எனக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்குதான் ஒண்ணாம் நாளுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. ஊரு ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. குணா சொன்னா நான் சண்டை போடுவேன், இல்லடி நாளைக்குன்னு. காலண்டர் பாத்தும் இந்தக் கை தப்பாத்தான் எண்ணுது. நீ சொன்னா கேட்டுப்பேன். மெசேஜ் போடாத, நான் படிக்க மாட்டேன். போன்ல சொல்லு. இப்போ பேசற மாதிரி வாய்க்குள்ள சொல்லாத. பக்கத்துல பம்பு ஓடிக்கினு இருக்கும். அன்னிக்கு ஒரு நாளாவது நல்லா கத்திச் சொல்லும்மா."